விதிக்குத் திருமுழுக்கு வேண்டாம்

அடக்கச் சடங்குகளில் நம் நாவில் வெகு எளிதாக வந்து நிற்கும் தொடர் ஒன்று உண்டு: "எல்லாம் இறைவனின் திருவுளம்." கல்லறைத் தோட்டத்திலும், மருத்துவமனை வராந்தாவிலும், இழவு வீட்டுத் திண்ணையிலும் இதைச் சொல்லாத குருவானவர் இல்லை, கேட்காத கிறிஸ்தவர் இல்லை. இதைச் சொல்லிவிட்டால் நம் கடமை நிறைவேறிவிட்டது எனக் கருதுகிறோம். கேட்டவரும் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பு ஆறுதல் பெற்றதன் அடையாளமா, இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்பதன் அடையாளமா என்று நாம் நின்று பார்ப்பதில்லை.

பிறருடைய துன்பத்தின்மீது வைத்துச் சொல்லப்படும்போது இத்தொடர் இறைவனைப் பற்றிய பொய்ச்சான்றாகிவிடுகிறது. இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்புவது. வெளியே நின்று குற்றம் சாட்டுபவராக அல்ல, குற்றவாளிக் கூண்டில் நிற்பவராகவே இதை எழுதுகிறோம்.

ஒரு தாயின் கேள்வி

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. குமரிக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நாம் அப்போது உதவிப் பங்குத்தந்தை. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காலைத் திருப்பலியில் நாசரேத்து இல்லத்தின் அமைதியைப் பற்றி மறையுரை ஆற்றிய அதே வாயால், மறுநாள் ஒரே குழியில் பலரை அடக்கம் செய்யும் செபத்தைச் சொன்னோம். பெட்டிகள் கிடைக்கவில்லை. பாயிலும் சேலையிலும் சுற்றிய உடல்கள். மண் அள்ளும் இயந்திரம் தோண்டிய குழி.

அக்குழியின் ஓரத்தில் ஒரு தாய் நின்றார். அவருடைய ஏழு வயது மகன் உள்ளே கிடந்தான். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் நாம் கற்ற இறையியல் முழுவதும் அந்நேரத்தில் ஒரே வரியாகச் சுருங்கிப்போயிற்று. "அழாதீங்க அம்மா, எல்லாம் கடவுளுடைய சித்தம்" என்றோம். அவர் அழுகையை நிறுத்தினார். நம் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ எம் புள்ளையக் கொண்டுபோனது கடல் இல்லையா சாமி? அவருதானா?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. அடுத்த உடலுக்குத் தீர்த்தம் தெளிக்க நகர்ந்தோம்.

அத்தாய் அதன்பின் நெடுநாள் கோவிலுக்கு வரவில்லை. விசுவாசம் இழந்துவிட்டார் என்று ஊரில் சிலர் பேசினர். உண்மையில் அன்று அக்குழியருகே நின்றவர்களுள் இறையியல் அறிவோடு பேசியவர் அவர் ஒருவரே. நாம் சொன்ன சொல்லை அதன் முடிவுவரை கொண்டுசென்று நமக்கே காட்டினார். எல்லாம் அவர் சித்தமென்றால் அலையும் அவர் சித்தம். மூச்சுத் திணறியதும் அவர் சித்தம். அத்தகைய ஒருவரைத் தந்தையே என்று அழைக்க எந்தத் தாயால் இயலும்?

கரையில் உலவிய மூன்று விளக்கங்கள்

அடுத்து வந்த வாரங்களில், செபக்கூட்ட மேடைகளிலும் பீடங்களிலும் மூன்று விளக்கங்கள் உலவின. முதலாவது, தண்டனை. கடற்கரையில் குடி பெருகிவிட்டது, ஊருக்கு ஊர் பகை மூண்டுவிட்டது. ஆகவே ஆண்டவர் அடித்தார் என்றனர். அலை வீடு வீடாகக் கணக்கெடுத்தா வந்தது? ஓட முடிந்தவர் பிழைத்தனர். ஓட முடியாத குழந்தைகளும், அவர்களை இடுப்பில் சுமந்த பெண்களும், முதியோரும் மிகுதியாக மாண்டனர். ஓட முடியாமை எந்தக் கட்டளையை மீறிய பாவம்?

இரண்டாவது, சோதனை. தாம் அன்பு செய்பவரை இறைவன் சோதிக்கிறார். தம் தோட்டத்திற்கு மலர் வேண்டுமென்று நல்ல மலராகப் பார்த்துக் கொய்துகொண்டார் என்றனர். நினைவு அட்டைகளில் இன்றும் இதை அச்சிடுகிறோம். தம் தோட்டத்தை அழகுபடுத்தப் பிறர் வீட்டுப் பிள்ளையைப் பறிக்கும் தோட்டக்காரரை எந்த நற்செய்தியில் படித்தோம்? தொலைந்த ஓர் ஆட்டைத் தேடி அலையும் ஆயரைத்தான் அங்கே காண்கிறோம்.

மூன்றாவது விளக்கம் நம் பக்திக்கு நெருக்கமானது. ஆதலால் அச்சத்தோடு தொடுகிறோம். வேளாங்கண்ணியில் அலை திருத்தலப் பேராலயத்துக்குள் நுழையவில்லை. உள்ளே திருப்பலியில் இருந்தோர் பிழைத்தனர். இது உண்மை, இதற்காக ஆரோக்கிய அன்னைக்கு நன்றி சொல்வோருடைய கண்ணீரை நாம் மதிக்கிறோம். பிழைத்தவர் முழந்தாளிட்டு நன்றி சொல்வது செபம். ஆனால் பிழைக்காதவரின் உறவினர் முன்னே அதையே சான்றாக விரித்துரைப்பது வேறு. அதே காலையில் அதே அன்னையை நாடி வந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கானோர் சில நூறு அடி தொலைவில், கடற்கரையில் மாண்டனர். அவர்களும் நேர்ந்துகொண்டு வந்தவர்கள்தாம். அவர்கள் கையிலும் செபமாலை இருந்தது. சுவருக்கு உள்ளே நின்றவர்களுக்கு மட்டும் அன்னை தாயாக இருந்தார் என்று சொல்லத் துணிகிறோமா? கல்வாரியில் தம் ஒரே மகனைக் காப்பாற்ற இயலாமல் நின்ற தாய், பிள்ளைகளை அவ்வாறு பிரித்துப் பார்ப்பாரா?

நண்பர்கள் சொன்ன நல்ல சொற்கள்

இத்தகைய விளக்கங்களுக்குத் திருவிவிலியமே ஆதாரம் என்று இவர்கள் சொல்வதால், திருவிவிலியத்திடமே செல்வோம்.

யோபுவின் மூன்று நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் அமர்ந்தனர். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்தபோதுதான் வந்தது வினை. அவர்கள் சொன்னவை தெய்வநிந்தனைகள் அல்ல என்பதை நம் மறையுரையாளர்கள் கவனிக்க வேண்டும். இறைவன் நீதியுள்ளவர், பாவிகளைத் தண்டிப்பவர், மனந்திரும்புவோரை உயர்த்துபவர் என்பவையே அவர்களுடைய வாதங்கள். தனித்தனியே எடுத்தால் எந்த மறைக்கல்வி நூலிலும் இடம்பெறத்தக்கவை. ஆயினும் நூலின் முடிவில் இறைவனின் சினம் மூண்டது அவர்கள்மீதே. தம்மை வழக்குக்கு அழைத்த, பிறந்த நாளைச் சபித்த யோபுதான் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினார் என்று இறைவனே தீர்ப்பளித்தார். இறைவனுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் தோற்றார்கள்; இறைவனோடு வழக்காடியவர் வென்றார்.

நம் ஆண்டவரின் போதனையும் இதுவே. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றிப் பேசுகையில், அவர்கள் மற்றெல்லாரையும்விடக் கொடிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். மனந்திரும்புங்கள் என்றும் அங்கே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். ஆம், ஆனால் யாரை நோக்கி? மாண்டவரை நோக்கி அல்ல. உயிரோடு நின்று அவர்களைப் பற்றிக் கதை பேசியவர்களை நோக்கி. பிறவிப் பார்வையற்றவரைக் கண்டபோது, பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டனர். இருவருமல்லர் என்றார் ஆண்டவர். சொன்னதோடு நில்லாமல், தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அவர் கண்களில் பூசினார். காரணம் தேடிய சீடர்களின் கை சுத்தமாக இருந்தது. ஆண்டவரின் கையில் சேறு இருந்தது.

நோவா காலத்து வெள்ளமும் சோதோமும் என்னாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். இறைவாக்கினர்கள் இறைவனின் வார்த்தையைப் பெற்றுத் தம் சொந்த மக்களிடம், தம்மையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டு பேசினார்கள், அழுதுகொண்டே பேசினார்கள். நாமோ எந்த வார்த்தையும் பெறாமல், அடுத்தவர் பிணத்தின்மீது நின்று, கண்ணில் ஈரமின்றிப் பேசுகிறோம். வேறுபாடு சிறிதன்று.

லிஸ்பன் நகரத்துப் பாடம்

திருச்சபையின் வரலாற்றில் இந்த விவாதம் புதிதன்று. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் மக்கள் திருப்பலியில் நின்ற காலை வேளையில் பூமி அதிர்ந்தது. ஆலயங்கள் இடிந்து அவர்கள்மீதே விழுந்தன. பின்னர்க் கடல் பொங்கிற்று. நகரம் நாட்கணக்கில் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர். வால்டேர் மறு ஆண்டே இதைப் பற்றிக் கவிதை வெளியிட்டு, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைக் கேலி செய்தார்.

அந்நாளில் மலக்ரீதா என்னும் இயேசு சபைத் துறவி, நிலநடுக்கத்தின் உண்மைக் காரணம் இயற்கை அன்று, நகரத்தாரின் பாவமே என்று 1756இல் சிறுநூல் வெளியிட்டார். அவர் தீயவர் அல்லர்; பிரேசில் காடுகளில் நெடுங்காலம் உழைத்தவர். 1761இல் அவருக்குக் கொடுமையான மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அநீதியை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவருடைய நூல் துயருற்ற நகரத்தின் நெஞ்சில் மேலும் ஒரு கல்லை ஏற்றிவைத்தது என்பதை மறுக்க இயலாது.

அதே 1756இல் அந்நாட்டுப் பங்குத்தந்தையருக்கு அரசிடமிருந்து ஒரு வினாத்தாள் வந்தது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் மாண்டனர்? கடல் முதலில் உயர்ந்ததா, உள்வாங்கியதா? சிற்றூர்களின் குருக்கள் தம் ஊரைச் சுற்றி நடந்து, எண்ணி, விசாரித்து விடை எழுதி அனுப்பினர். நிலநடுக்கவியல் என்னும் அறிவியலின் தொடக்கங்களுள் ஒன்றாக அறிஞர்கள் இன்று அதைக் குறிப்பிடுகின்றனர். பெயர் தெரியாத அந்தப் பங்குத்தந்தையரே நமக்கு முன்மாதிரிகள். மாண்டோரை எண்ணினார்கள், கடல் உள்வாங்கியதைக் குறித்தார்கள். அந்த விடைத்தாள்கள் எந்த மறையுரைக்கும் குறைந்த இறைப்பணி அல்ல.

அனுமதித்தல் என்றால் என்ன?

இங்கே குருமடம் பயின்ற சகோதரர்கள் இடைமறிக்கலாம். இறைவன் தீமையை விரும்புவதில்லை, அனுமதிக்கிறார் என்பதுதானே திருச்சபையின் போதனை என்பார்கள். உண்மை. புனித தோமா அக்குவினா தம் இறையியல் பெருநூலில் இறைவன் உண்டா என்ற வினாவை எடுத்ததும், முதல் மறுப்பாக வைப்பது உலகிலுள்ள தீமையையே. வினாவை அவர் மறைக்கவில்லை, முன்வரிசையில் அமர்த்துகிறார். தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்கும் அளவுக்கு இறைவன் ஆற்றலும் நன்மையும் மிக்கவர் என்று புனித அகுஸ்தினாரைச் சார்ந்து விடை கூறுகிறார்.

ஆனால் இந்தத் தீமையிலிருந்து இந்த நன்மை விளையும், இதற்காகவே இக்குழந்தை மாண்டது என்று கணக்கெழுதும் உரிமையை அவ்விடை நமக்குத் தரவில்லை. அனுமதித்தல் என்னும் சொல் ஒரு வேலி. இறைவனைக் கொலையாளி என்று சொல்லாதபடி ஒரு புறமும், அவரைக் கையாலாகாதவர் என்று சொல்லாதபடி மறுபுறமும் அது நம்மைத் தடுக்கிறது. வேலிக்கு அப்பால் இருப்பதை அது வருணிப்பதில்லை. மனிதருக்குத் தரப்பட்ட சுதந்திரம், தனக்குரிய விதிகளின்படி இயங்கும் படைப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் கற்பவையும் உண்மைகளே. மலைகளை உயர்த்திய புவித்தட்டுகளே நிலநடுக்கத்தையும் தருகின்றன. வகுப்பறையில் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். திறந்த குழியின் அருகே சொன்னால் அது உண்மையாக இருந்தும் கொடுமையாகிவிடும். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், இவ்வினாவுக்கு அவசர விடை எதுவும் போதாது என்ற கருத்தையே வலியுறுத்துகிறது.

நாம் செய்ததோ வேறு. தலையெழுத்து, ஊழ், விதி என்று நம் மண்ணில் வழங்கிவந்த சொற்களுக்குத் தண்ணீர் ஊற்றித் திருவுளம் என்று பெயரிட்டுவிட்டோம். பெயர் மாறிற்று, பொருள் மாறவில்லை. விதியை யாரும் கேள்வி கேட்க முடியாது. இறைவனையோ கேட்கலாம். திருப்பாடல்களில் பெரும்பகுதி அத்தகைய கேள்விகளே.

பகுத்தறிவாளர் சிலர், சுனாமியின்போது உங்கள் கடவுள் எங்கே போனார் என்று வினவுகின்றனர். அவர்கள்மீது நமக்குச் சினமில்லை. அக்கேள்வியை அவர்களுக்கு முன்பே யோபு கேட்டுவிட்டார். ஒன்று மட்டும் சொல்வோம்: இறைவன் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாலும் அக்குழி மூடிக்கொள்வதில்லை. முறையிடுவதற்கு ஒருவரும் இல்லாமல் போகிறார், அவ்வளவே. அத்தாய் நம்மை விட்டு விலகினார், முறையிடுவதை விடவில்லை.

யார் தப்பிக்கிறார்கள்?

திருவுளம் என்னும் எளிய விடையால் இன்னொரு தீங்கும் உண்டு. பொறுப்பாளிகள் அதன் நிழலில் தப்பிக்கிறார்கள்.

அன்று சுமத்திராவுக்கருகே பூமி அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்கு. சென்னை, நாகைக் கரைகளை அலைகள் அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. குமரியின் மேற்குக் கரைக்கு இன்னும் நேரம் இருந்தது. நிக்கோபார் தீவுகள் அதற்குள் நொறுங்கிவிட்டிருந்தன. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. ஐதராபாத்தில் நம் நாட்டு மையம் செயல்படத் தொடங்கியது 2007இல்தான். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போன பின். அந்த இரண்டு மணி நேரம் வெறுமையாகக் கழிந்தது இறைவனின் திருவுளமா? ஒரு கோவில் மணி போதுமே, ஊரை மேட்டுக்கு ஓட்ட!

அதே 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினர். சமையல் கொட்டகையிலிருந்து பரவிய தீ, கீற்றுக் கூரையைப் பற்றிற்று. அதற்குப் பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. கூரையை மாற்றினால் குழந்தைகள் பிழைப்பார்கள் என்றால், அவர்களைக் கொன்றது திருவுளம் அன்று, கூரை. 2017 நவம்பர் 30, மீனவரான புனித அந்திரேயாவின் திருநாள். அன்று ஒக்கிப் புயலில் குமரி, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டும் காணாமலும் போயினர். பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் சென்றிருந்தோரை எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் நின்று, எங்கள் ஆண்களைத் தேடுங்கள் என்று போராடிய பெண்களிடம், எல்லாம் அவர் சித்தம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லும் குரு எந்த ஆண்டவருக்குப் பணி செய்கிறார்?

விடை தெரியாத திருத்தந்தையர்

விடை சொல்லாவிட்டால் மக்களின் விசுவாசம் தளர்ந்துவிடாதா என்று அஞ்சுவோருக்கு இரு திருத்தந்தையரைக் காட்டுவோம். 2011 மார்ச் மாதம் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் நேர்ந்தன. அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று இத்தாலியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அந்நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, குழந்தைகள் ஏன் இவ்வளவு துன்பப்பட வேண்டும் என்று கேட்டாள். தலைசிறந்த இறையியலாளரான பதினாறாம் பெனடிக்ட், தமக்கும் இதே கேள்வி உண்டு, தம்மிடம் விடையில்லை என்று ஒப்புக்கொண்டார். இயேசுவும் உன்னைப் போல் துன்புற்றார் என்பதை மட்டும் அவளுக்குச் சொன்னார்.

2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பிலிப்பைன்ஸ் சென்றார். 2013 நவம்பரில் பெரும்புயல் சிதைத்த தக்லோபான் நகரில், கொட்டும் மழையில், மஞ்சள் நிற மழைச்சட்டை அணிந்து திருப்பலி நிறைவேற்றினார். எழுதிக்கொண்டுவந்த மறையுரையை ஒதுக்கிவைத்தார். எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குச் சொல்லத் தம்மிடம் சொல்லில்லை என்றார். சிலுவையையும் அதனடியில் நின்ற அன்னையையும் சுட்டிக்காட்டினார். மறுநாள் மணிலாவில் ஒரு சிறுமி அதே கேள்வியைக் கேட்டு, முடிக்க இயலாமல் அழுதாள். அவளை அணைத்துக்கொண்டு, அழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தாரிடம் கூறினார். இதனால் எவருடைய விசுவாசமும் தளர்ந்ததாக நாம் அறியோம்.

அவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. பெத்தானியாவில் மார்த்தா, நீர் இங்கே இருந்திருந்தால் என்று குறைகூறியபோது ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. லாசரைச் சற்று நேரத்தில் எழுப்பப் போவதை அறிந்தும் அவர் கல்லறை முன் கண்ணீர் விட்டார். கெத்சமனியில் கிண்ணம் அகலட்டும் என்று கெஞ்சிய பின்னரே தந்தையின் விருப்பத்திற்குத் தம்மைக் கையளித்தார். அந்தச் சொல்லை அவர் தம் துன்பத்தைக் குறித்துச் சொன்னார். நாயீனில் மகனை இழந்த கைம்பெண்ணிடம் சொல்லவில்லை. திருவுளம் நிறைவேறட்டும் என்பது துன்புறுபவரின் வாயில் பிறக்க வேண்டிய செபம். அதைப் பறித்து அவர் காதில் நாம் ஓதினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. சிலுவையில் தொங்கியவரே ஏன் என்று கேட்டுவிட்ட பிறகு, அக்கேள்வியைத் தடுக்கும் அதிகாரம் எந்தக் குருவுக்கும் இல்லை. உயிர்த்த பின்னும் அவருடைய உடலில் காயங்கள் இருந்தன; தோமாவைத் தொட்டுப் பார்க்க அழைத்தார். அக்காயங்களே அவர் நமக்குத் தந்த விடை. அவற்றைத்தான் நாம் காட்ட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

சில ஆண்டுகளுக்குப் பின், இறந்தோர் நினைவு நாளன்று அக்கல்லறைத் தோட்டத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். அப்பொதுக் குழியின் ஓரத்தில் அத்தாய் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். அருகே சென்று, "அம்மா, அன்று நான் சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள்" என்றோம். திரி காற்றில் அணையாதபடி கையால் மறைத்துக்கொண்டே, "அது எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி" என்றார். பிறகு, சற்றுப் பொறுத்து, மகனுடைய பெயரைச் சொல்லி மந்திரிக்கச் சொன்னார். சொன்னோம்.

ஆகவே, சகோதரக் குருக்களே, மறையுரையாளர்களே, இழவு வீடுகளில் முன்வரிசையில் அமரும் அன்பியப் பொறுப்பாளர்களே! அடுத்த மரணத்தின்போது இத்தொடரை நாவிலேயே நிறுத்திவையுங்கள். யோபுவின் நண்பர்களைப் போல முதல் ஏழு நாள் மட்டும் இருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். சோறு கொண்டுபோங்கள், நிவாரண மனுவை எழுதிக் கொடுங்கள், எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று கேட்கும் கூட்டத்தில் உடன் நில்லுங்கள். அத்தாய் ஏன் என்று கேட்டால், தெரியவில்லை அம்மா என்று சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவன்று. தம் மகனின் சாவைக் கண்ட தந்தை ஒருவரை நாம் நம்புகிறோம். அவரைப் பற்றிப் பொய் சொல்லாமலிருப்பது அந்த விசுவாசத்தின் முதற்கடமை.